ஒரு ஒயருக்குள் 150 வருஷம்: சீரியல் போர்ட் படுத்தும் பாட்டின் வரலாறு



எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்கள், பொழுதுபோக்குக்காக ஆர்டுயினோ போர்டு வாங்கி விளையாடுபவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு தொல்லையைப் பற்றியது இந்தக் கட்டுரை. புரோகிராம் சரியாக இருக்கிறது. போர்டில் விளக்கு எரிகிறது. கேபிளும் செருகியாகிவிட்டது. ஆனாலும் கணினியும் போர்டும் ஒன்றோடொன்று பேச மாட்டேன் என்கின்றன!

இந்த மௌன விரதம் பெரும்பாலும் ஐந்து விதமாக வரும்.

1. போர்டைச் செருகினாலும் கணினியில் போர்ட் என்று எதுவுமே தென்படாது.
2. போர்ட் தெரியும். திறக்கப் போனால் "அனுமதி இல்லை" என்று வரும்.
3. போர்ட் திறக்கும். ஆனால் திரையில் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் புரியாத எழுத்துகள் கொட்டும்.
4. வரும் எழுத்தெல்லாம் சரியாக இருக்கும். நாம் அனுப்பும் கட்டளைக்கு மட்டும் பதில் வராது.
5. புரோகிராமை ஏற்றும்போது "ஒத்திசைவு இல்லை" என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி திரும்பத் திரும்ப வந்து நின்றுவிடும்.

இணையத்தில் தேடினால் டிரைவரை மாற்று, கேபிளை மாற்று, கணினியை அணைத்துப் போடு என்று ஆளுக்கொரு மந்திரம் சொல்வார்கள். சில சமயம் பலிக்கும். ஏன் பலித்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து!

உண்மையில் இந்த ஐந்துக்கும் பிறந்த வருஷம் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு இயந்திரத்துக்காக, புத்திசாலிகள் யோசித்து எடுத்த முடிவு. அந்த இயந்திரங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. முடிவுகள் மட்டும் நம் கேபிளுக்குள் தங்கிவிட்டன. அந்த வரலாறு தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வாருங்கள், கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

பாரிஸ், 1874

பிரான்ஸ் நாட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர் எமில் போடோ. அப்போது உலகமெங்கும் மோர்ஸ் தந்திதான். மோர்ஸ் முறையில் ஒரு எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி, இன்னொரு எழுத்துக்கு நாலு புள்ளி கோடு என்று நீளம் மாறிக்கொண்டே இருக்கும். காது பழகிய மனிதனுக்கு அது பரவாயில்லை. தானாக எழுத்தை அச்சடிக்கும் இயந்திரத்துக்கோ அது பெரிய தலைவலி.

1874ல் போடோ காப்புரிமை பெற்ற முறையில் எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம். எழுத்துக்கு ஐந்து துடிப்புகள், ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை. இன்று நாம் பிட் என்று சொல்வதேதான். ஐந்து துடிப்பில் 32 சேர்க்கைகள் கிடைக்கும். தந்தி ஊழியர் பியானோ போல ஐந்து கட்டைகளை அழுத்துவார், இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அனுப்பும் ஊரிலும் பெறும் ஊரிலும் ஒரே வேகத்தில் சுழலும் கருவிகள் இருக்க வேண்டும். ஊழியரும் கருவியின் தாளத்துக்கு ஏற்பத்தான் கட்டையை அழுத்த முடியும். ஒரு முனை சற்றுப் பிந்தினாலும் ஒரு எழுத்தின் கடைசித் துடிப்பு அடுத்த எழுத்தின் முதல் துடிப்பாகிவிடும். வாக்கியம் முழுக்கக் குப்பை!

போடோ பெயரின் முதல் பாதியைத்தான் ஆங்கில உச்சரிப்பில் "பாட்" என்கிறோம். பாட் ரேட் என்று நாம் தேர்ந்தெடுக்கும் 9600, 115200 எல்லாம் அவர் நினைவாகத்தான். திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை விழும்போது, அன்று தந்திக் கம்பியில் நேர்ந்த அதே விபத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சிகாகோ, 1910: தொடங்கு, நிறுத்து

இரண்டு கருவிகளையும் நாள் முழுக்க ஒரே தாளத்தில் ஓட வைப்பது கடினம். இதற்கு அழகான தீர்வு கண்டவர்கள் அமெரிக்காவில் சார்ல்ஸ் கிரம் என்ற பொறியாளரும் அவர் மகன் ஹோவர்ட் கிரமும். பணம் போட்டவர் உப்பு வியாபாரத்தில் பெயர் பெற்ற ஜாய் மார்ட்டன். மார்ட்டன், கிரம் இரண்டு பெயரையும் ஒட்டி "மார்க்ரம்" என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார்கள்.

1910 வாக்கில் அவர்கள் கொண்டுவந்த யோசனை இதுதான். நாள் முழுக்கத் தாளம் ஒத்துப்போக வேண்டாம், ஒரு எழுத்து முடியும் வரை ஒத்துப்போனால் போதும். கம்பி சும்மா இருக்கும்போது ஒரே நிலையில் இருக்கும். எழுத்து வரப்போகிறது என்றால் முதலில் அந்த நிலை மாறும். அதுதான் ஸ்டார்ட் பிட். பெறும் கருவி அந்த நொடியில் விழித்துக்கொண்டு எண்ணத் தொடங்கும். எழுத்து முடிந்ததும் ஸ்டாப் பிட். கருவி மறுபடி நின்றுவிடும். அடுத்த எழுத்துக்குப் புதுக் கணக்கு.

இன்றைய மைக்ரோகன்ட்ரோலர் பேசுவதும் இதே முறையில்தான். வழக்கமான அமைப்பில் ஒரு ஸ்டார்ட் பிட், எட்டு டேட்டா பிட், ஒரு ஸ்டாப் பிட் என ஒரு எழுத்துக்கு மொத்தம் பத்து. பெறும் பக்கம் ஒவ்வொரு பிட்டின் நடுவில் பார்த்துப் படிக்கும். கடைசி பிட்டுக்கு வரும்போது ஒன்பதரை பிட் நேரம் ஓடியிருக்கும். அதற்குள் கடிகாரம் அரை பிட் அளவு தவறினால் படிப்பது தப்பாகிவிடும். கணக்குப் போட்டால் சுமார் 5 சதவீதம். இரு முனைகளின் கடிகாரங்களும் சேர்ந்து செய்யும் தவறு இதற்குள் அடங்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் கிரம் குடும்பத்தார் கம்பியில் சேர்க்கவில்லை, வேகம் எவ்வளவு என்ற தகவல்! தேவையும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே தொழிற்சாலையில் செய்த இயந்திரம்தானே! அதனால் இன்றும் கம்பியைப் பார்த்து "வேகம் இவ்வளவு" என்று கணினியால் நேரடியாகச் சொல்ல முடியாது. போர்டில் 9600 என்று எழுதிவிட்டு திரையில் 115200 என்று வைத்தால் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். பிழைச்செய்தி எதுவும் வராது. குப்பை மட்டும் வரும். மூன்றாவது தொல்லைக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

டெலிடைப் விட்டுச் சென்றவை

மார்க்ரம் கம்பெனி பின்னாளில் டெலிடைப் கார்ப்பரேஷன் ஆனது. 1930ல் அதை ஏடி அண்டு டி வாங்கியது. 1963ல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற இயந்திரம் கணினி வரலாற்றில் தனி இடம் பிடித்தது. தட்டச்சுப் பலகை, காகிதச் சுருள், நொடிக்குப் பத்து எழுத்து வேகம். ஒரு எழுத்துக்கு 11 பிட் என்பதால் 110 பாட். விலை மலிவு என்பதால் கணினியோடு பேச இதையே பலரும் பயன்படுத்தினார்கள். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-11 கணினி முன்னால் இருக்கும் புகழ்பெற்ற புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பதும் இந்த மாடல் 33தான்.

அந்தப் படத்தின் நிழல் இன்றும் நம் லினக்ஸில் இருக்கிறது. போர்டைச் செருகினால் வரும் பெயர் "டிடிஒய்-யூஎஸ்பி-0" அல்லது "டிடிஒய்-ஏசிஎம்-0". அந்த "டிடிஒய்" என்பது டெலிடைப்பின் சுருக்கமே. காகிதமும் இல்லை, மையும் இல்லை, ஆனால் லினக்ஸின் கண்ணுக்கு நம் போர்டு இன்னும் ஒரு தட்டச்சு இயந்திரம்தான். :)

இரண்டாவது தொல்லையான "அனுமதி இல்லை" என்பதும் இந்தப் பரம்பரையில் வந்ததே. டெபியன், உபுண்டு போன்றவற்றில் சீரியல் போர்ட்டைத் திறக்க "டயல்அவுட்" என்ற குழுவில் நம் பெயர் இருக்க வேண்டும். போர்டுக்கும் டயல் செய்வதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு காலத்தில் பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியில் சீரியல் போர்ட் என்றாலே அதில் மோடம் மாட்டியிருக்கும். யார் வேண்டுமானாலும் வெளியே டயல் செய்தால் தொலைபேசிக் கட்டணம் யார் கட்டுவது? அதற்காகப் போட்ட பூட்டு அது. மோடம் போய்விட்டது, பூட்டு இருக்கிறது. குழுவில் பெயரைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் திறந்துகொள்ளும்.

நான்காவது தொல்லையும் டெலிடைப்பிலிருந்து வந்ததுதான். காகிதத்தில் ஒரு வரி முடிந்தால் இரண்டு வேலை நடக்க வேண்டும். எழுதும் தலை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும், காகிதம் ஒரு வரி மேலே நகர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு. திரும்புவதற்கு 13, நகர்வதற்கு 10. பிற்பாடு யூனிக்ஸ் 10 மட்டும் போதும் என்றது. விண்டோஸ் உலகம் இரண்டையும் வைத்துக்கொண்டது. ஆகவே சீரியல் மானிட்டரின் ஓரத்தில் "வரி முடிவு என்ன?" என்று இன்றும் ஒரு சிறு பெட்டி கேட்கிறது. போர்டு 10 வரும் வரை காத்திருக்கும்படி எழுதப்பட்டிருந்து, நாம் எதுவும் சேர்க்காமல் அனுப்பினால், அது காத்துக்கொண்டே இருக்கும். அது சரியாகத்தான் நடந்துகொள்கிறது, பாவம்!

1960: ஆர்எஸ்-232

1960களில் கணினியும் தொலைபேசியும் கைகோத்தன. டெர்மினலையும் மோடத்தையும் இணைக்க ஒரு பொது விதி வேண்டுமென்று அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960ல் வெளியிட்டதுதான் ஆர்எஸ்-232. 1969ல் வந்த அதன் சி பதிப்பு பல ஆண்டுகள் கோலோச்சியது.

இந்த விதி டெர்மினலையும் மோடத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்களுக்குப் பெயர் வைத்தது டெர்மினலின் பார்வையில். டெர்மினல் "அனுப்பும்" பின்னில் மோடம் கேட்கும். அதனால் நேர் கேபிள் போதும். ஆனால் இரண்டு டெர்மினல்களை நேராக இணைத்தால் இருவரும் ஒரே கம்பியில் பேசுவார்கள், கேட்க ஆள் இருக்காது. அப்போது டிஎக்ஸ், ஆர்எக்ஸ் கம்பிகளைக் குறுக்காக மாற்ற வேண்டும். நம் போர்டையும் யூஎஸ்பி-சீரியல் மாட்யூலையும் இணைக்கும்போது டிஎக்ஸை ஆர்எக்ஸில் கொடு என்று சொல்வது இதனால்தான். கிரவுண்ட் கம்பியும் பொதுவாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எத்தனை வோல்ட் என்று எதை வைத்து அளப்பது?

வோல்ட்டேஜ் விஷயம் இன்னும் ஆபத்தானது. ஆர்எஸ்-232ல் 1 என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை, 0 என்பது பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை. மைக்ரோகன்ட்ரோலரில் 1 என்றால் 5 அல்லது 3.3 வோல்ட், 0 என்றால் சுழி. அளவும் வேறு, திசையும் தலைகீழ்! பழைய கணினியின் பின்புறத்து ஒன்பது பின் போர்ட்டை நேரடியாக மைக்ரோகன்ட்ரோலரில் கொடுத்தால் சிப் புகைந்துவிடக்கூடும். இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே துபாஷியாக வந்தது மேக்சிம் கம்பெனியின் மேக்ஸ்232 சிப். ஒரே 5 வோல்ட் சப்ளையிலிருந்து தேவையான பிளஸ், மைனஸ் இரண்டையும் தானே தயாரித்துக்கொள்ளும். 8051 லேப் செய்தவர்களுக்கு அதைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்கள் மறந்திருக்காது.

115200: இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது?

ஆரம்பத்தில் பிட்களைப் பிரிக்கும் வேலைக்கு ஒரு முழு சர்க்யூட் போர்டே தேவைப்பட்டது. டிஇசி கம்பெனியின் பிடிபி-1 கணினிக்காக கோர்டன் பெல் வடிவமைத்தது அப்படிப்பட்டதே. 1970களின் தொடக்கத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் அதை ஒரே சிப்பாக்கியது. அதுதான் யூஆர்ட். 1981ல் வந்த ஐபிஎம் பிசிக்கான சீரியல் அட்டையில் 8250 என்ற யூஆர்ட் சிப் இடம்பெற்றது.

அந்த அட்டையில் இருந்த கிரிஸ்டல் நொடிக்கு 18,43,200 துடிப்பு. யூஆர்ட் ஒவ்வொரு பிட்டையும் 16 துடிப்பாகப் பார்க்கும். 18,43,200ஐ 16ஆல் வகுத்துப் பாருங்கள். 1,15,200! அதற்கு மேல் அந்த அட்டையால் போக முடியாது. அதை 12ஆல் வகுத்தால் 9600. பல தலைமுறை தாண்டி வந்த இன்றைய மென்பொருள்களும் அந்தப் பட்டியலையே வைத்திருக்கின்றன.

8051 போர்டுகளில் 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு வினோத கிரிஸ்டல் இருப்பதும் இதே காரணத்தால்தான். அதை 12ஆலும், பிறகு 32ஆலும், பிறகு 3ஆலும் வகுத்தால் மீதியில்லாமல் 9600 வரும். ஆர்டுயினோ ஊனோவில் இருப்பதோ 16 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து 1,15,200 சரியாகக் கிடைக்காது. கிட்டத்தட்டக் கிடைப்பது 1,17,647. சுமார் 2 சதவீதம் அதிகம். நாம் மேலே பார்த்த 5 சதவீதத்துக்குள் அடங்குவதால் வேலை நடக்கிறது. ஆனால் கிரிஸ்டல் இல்லாமல், சிப்பின் உள்ளே இருக்கும் கடிகாரத்தை நம்பி 1,15,200ல் பேச முயன்றால் இந்த 2 சதவீதத்தோடு இன்னும் கொஞ்சம் சேரும். வேகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தும் நடுநடுவே மட்டும் எழுத்து தப்பாக வந்தால் சந்தேகிக்க வேண்டியது கடிகாரத்தைத்தான்.

1996: இடம் போய் ஆள் வந்தது

1996 ஜனவரியில் யூஎஸ்பியின் முதல் பதிப்பு வெளியானது. இதை உருவாக்கிய இண்டெல் குழுவின் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட் என்பது நமக்குப் பெருமை. 1998ல் வந்த ஆப்பிள் ஐமேக் பழைய போர்ட்களைத் தூக்கிவிட்டு யூஎஸ்பியை மட்டும் நம்பி இறங்கியது. மெல்ல மெல்ல எல்லாக் கணினிகளிலும் ஒன்பது பின் போர்ட் காணாமல் போனது.

இங்கேதான் முதல் தொல்லை பிறந்தது. பழைய "காம்1" என்பது ஒரு இடம். கேபிளின் மறுமுனையில் எதுவும் இல்லாவிட்டாலும் அது இருக்கும். யூஎஸ்பியில் வருவதோ ஒரு ஆள். செருகியவுடன் "நான் இன்ன கம்பெனி, இன்ன பொருள்" என்று இரண்டு எண்களைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அந்த எண்களுக்கு உரிய டிரைவர் கணினியில் இருந்தால்தான் போர்ட் என்ற ஒன்றே பிறக்கும். விண்டோஸில் யூஎஸ்பி துளையை மாற்றிச் செருகினால் காம் எண் மாறிவிடுவதுண்டு. நேற்று காம்3, இன்று காம்7 என்று குழம்புவதற்குக் காரணம் இதுவே.

கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. சார்ஜ் செய்ய மட்டும் விற்கப்படும் மலிவுக் கேபிள்களில் தகவல் கம்பியே இருக்காது. போர்டில் விளக்கு அழகாக எரியும், அறிமுகம் மட்டும் நடக்காது. "விளக்கு எரிகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது" என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இவ்ரேயா, 2005

இத்தாலியின் வடக்கே இவ்ரேயா என்ற சிறு நகரம். டைப்ரைட்டருக்குப் பெயர் போன ஒலிவெட்டி கம்பெனியின் ஊர். அந்தக் கம்பெனி டெலிபிரிண்டர்களும் செய்தது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரியில் 2005ல் மாஸிமோ பான்ஸியும் நண்பர்களும் ஆர்டுயினோவை உருவாக்கினார்கள். அதே கல்லூரி மாணவர் எர்னாண்டோ பர்ரகான் தன் முதுகலை ஆய்வுக்காக 2003ல் தொடங்கிய "வயரிங்" இதற்கு முன்னோடி. பொறியியல் படிக்காத ஓவியர், வடிவமைப்பாளர், மாணவர் எல்லோரும் கையில் காசு அதிகமில்லாமல் மைக்ரோகன்ட்ரோலரைப் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம்.

அந்த நோக்கத்துக்குக் குறுக்கே நின்றது ரீசெட் பட்டன். புரோகிராமை ஏற்றுவதற்குச் சற்று முன் சரியான நேரத்தில் அதை அழுத்த வேண்டும். தவறினால் போர்டு கேட்கும் நிலையில் இருக்காது, "ஒத்திசைவு இல்லை" என்று வரும். 2007ல் வந்த டியெசிமிலா போர்டில் இதற்கு அருமையான குறுக்குவழி கண்டார்கள். ஆர்எஸ்-232 காலத்தில் "டெர்மினல் தயார்" என்று மோடத்துக்குச் சொல்ல டிடிஆர் என்று ஒரு கம்பி இருந்தது. மோடம் இல்லாததால் அது சும்மா கிடந்தது. அதை ஒரு சிறு கெபாசிட்டர் வழியாக ரீசெட் பின்னோடு இணைத்துவிட்டார்கள். கணினி போர்ட்டைத் திறந்தவுடன் போர்டு தானாக ரீசெட் ஆகும். பட்டன் தேவையில்லை!

இதன் பக்கவிளைவைப் பலர் கோளாறு என்றே நினைக்கிறார்கள். சீரியல் மானிட்டரைத் திறந்தால் போர்டு முதலிலிருந்து ஓடுகிறதே என்பது அது. மோடத்துக்குச் சொன்ன வணக்கத்தை ரீசெட் என்று மொழிபெயர்த்ததன் விளைவு அது, கோளாறு அல்ல. ஐந்தாவது தொல்லை வந்தால் முதலில் போர்டின் பெயர் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய போர்டுகளும் ஊனோவும் வெவ்வேறு வேகத்தில் பேசுபவை. பிறகு 0, 1 எண் பின்களில் வேறு ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் இந்தத் தானியங்கி ரீசெட் நடக்கிறதா என்று கவனியுங்கள். நடக்காவிட்டால் 2007க்கு முந்தைய வழியில் பட்டனைக் கையால் அழுத்திப் பார்க்கலாம்.

இன்னொரு வேடிக்கை. 2012ல் வந்த லியோனார்டோ போர்டில் மைக்ரோகன்ட்ரோலரே நேரடியாக யூஎஸ்பி பேசுகிறது. அங்கே பாட் ரேட்டுக்கு அர்த்தமே இல்லை, எதைப் போட்டாலும் எழுத்து வரும். ஆனால் 1200 என்று வைத்துப் போர்ட்டைத் திறந்து மூடினால் மட்டும், புதுப் புரோகிராம் வாங்கத் தயாராகிவிடும்! போடோவின் பெயர் தாங்கிய எண் இங்கே ஒரு ரகசியச் சொல்லாக வாழ்கிறது.

2014: டிரைவர் கொன்ற சிப்புகள்

ஆரம்ப கால யூஎஸ்பி ஆர்டுயினோக்களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எஃப்டிடிஐ கம்பெனியின் எஃப்டி232 சிப் இருந்தது. உலகமெங்கும் பிரபலமானதால் போலிகளும் பெருகின. அதே எண்களைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, அந்தக் கம்பெனியின் டிரைவரையே பயன்படுத்திக்கொண்டன.

2014 அக்டோபரில் அது வெளிச்சத்துக்கு வந்தது. விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த புதிய எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் நினைவகத்தில் பொருள் எண்ணைச் சுழியாக மாற்றி எழுதியது. அதன்பிறகு அந்தச் சிப்புக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளப் பெயர் இல்லை. வேறு கணினியில் செருகினாலும் வழக்கமான டிரைவருக்கு அதை அடையாளம் தெரியாது. எதிர்ப்பு வலுத்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸ் கெர்னலில் சுழி எண்ணையும் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தார்கள். 2016ல் வந்த இன்னொரு பதிப்பு சிப்பைக் கொல்லவில்லை, தகவலுக்குப் பதிலாக "இது அசல் அல்ல" என்ற பொருளில் ஒரு வாசகத்தை அனுப்பியது.

கம்பெனியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உழைத்துச் செய்த பொருளை நகல் எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் தண்டனை யாருக்குப் போனது? போலி செய்தவன் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். கடையில் வாங்கியவருக்குச் சிப் அசலா போலியா என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை. நேற்று வரை ஓடிய போர்டு இன்று ஏன் ஓடவில்லை என்று புரியாமல் தன் புரோகிராமைத் தானே நொந்துகொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றிலேயே மோசமான முடிவு இதுதான். மற்ற முடிவுகள் எல்லாம் யாரையோ பேச வைக்க எடுக்கப்பட்டவை. இது ஒன்றுதான் வாயை மூட எடுக்கப்பட்டது.

மலிவுப் போர்டுகள் இன்று பெரும்பாலும் சீனாவின் சிஎச்340 சிப்பை வைத்திருக்கின்றன. நம் ரிச்சி தெருவில் வாங்கும் ஊனோ நகல்களிலும் இதைப் பார்க்கலாம். இது யாருடைய எண்ணையும் திருடாத, சொந்த எண் கொண்ட சிப். ஆனால் அதற்கும் சோதனை வந்தது. 2022ல் வெளியான உபுண்டு 22.04ல் இந்தச் சிப்பைச் செருகினால் போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்தது. காரணம், பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் "பிஆர்எல்-டிடிஒய்" என்ற மென்பொருள். ஒரு வகை பிரெய்ல் திரையும் இதே எண்ணைச் சொல்வதால், நம் போர்டைப் பிரெய்ல் திரை என்று நினைத்து அது எடுத்துக்கொண்டது. பெயரை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையில் இப்படியும் நடக்கும்.

வரலாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு

இனி போர்டு பேச மறுத்தால் காலத்தில் பின்னோக்கி நடந்து பாருங்கள்.

முதலில் 1996. போர்டைச் செருகும்போதும் எடுக்கும்போதும் கணினியின் பட்டியலில் ஏதாவது தோன்றி மறைகிறதா? இல்லையென்றால் கேபிள், பிறகு டிரைவர். புரோகிராமைத் தொடவே வேண்டாம்.

அடுத்து டயல்அவுட் காலம். போர்ட் தெரிந்தும் திறக்கவில்லையென்றால் அனுமதி இருக்கிறதா, வேறு மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து 1960. டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட், வோல்ட்டேஜ். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஊனோவில் ரீசெட் பின்னைக் கிரவுண்டில் இணைத்து மைக்ரோகன்ட்ரோலரைத் தூங்க வையுங்கள். 0, 1 பின்களை ஒரு சிறு ஒயரால் இணையுங்கள். சீரியல் மானிட்டரில் தட்டும் எழுத்து உங்களிடமே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், யூஎஸ்பி சிப் எல்லாம் நலம். பிரச்சினை அதற்கு அப்பால் இருக்கிறது.

கடைசியில் 1910ம் 1874ம். வேகம் இரண்டு பக்கமும் ஒன்றா, கடிகாரம் சரியா, வரி முடிவில் என்ன அனுப்புகிறோம்?

புதிதாகப் படிக்க வருபவர்களில் பலர் முதல் புரோகிராமை ஓட்டும் முன்பே இந்தக் கேபிளில் தடுக்கி விழுகிறார்கள். "எனக்கு இது வராது போல" என்று போர்டைப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அங்கே உங்கள் அறிவுக்குப் பரீட்சை எதுவும் நடக்கவில்லை. ஒரு தந்தி ஊழியர், ஒரு உப்பு வியாபாரி, ஒரு மோடம், ஒரு தொலைபேசிக் கட்டணம், ஒரு கம்பெனியின் கோபம் எல்லாம் அந்த ஒயருக்குள் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால் போர்டு பேசும்.

அடுத்த கட்டுரையில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.